தோள் மாறிய துப்பாக்கி

வரதராஜுலு நாயுடு துப்பாக்கியைத் தூக்கினால் குறிக்கு ஒன்றும் ஆகாது, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நரசீபுரம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் நாயுடுவின் மனைவி அம்புஜத்தின் தம்பி கோபாலசாமி. சிங்காநல்லூரில் நூல் மில் வைத்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் நாயுடு துப்பாக்கியை எடுத்ததும் வாயைத் திறக்காமல் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அதை மரியாதை என்றே நாயுடு நினைத்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் வரைக்கும் இது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. மலையடிவாரத்தில் நாயுடுவுக்கு எட்டு ஏக்கர் கரும்பு. ஒரு காது கிழிந்த பெரிய ஆண் பன்றி ஒன்று அதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பயிரைக் காக்க அனுமதி வாங்கி, அப்பா சீனிவாசலு வைத்துவிட்டுப் போன இரட்டைக் குழல் துப்பாக்கியால் நாயுடு அதைச் சுட்டார். குண்டு பின்சப்பையில் பட்டது. வலியில் வெறி பிடித்த பன்றி கரும்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. அங்கே தகரம் தட்டிக்கொண்டு நின்றவன் அங்கப்பன். தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் கிழித்துப் போட்டுவிட்டு அது மலையேறிப் போய்விட்டது.

அங்கப்பன் நாயுடுவின் வயதுக்காரன். அவன் அப்பன் காலத்திலிருந்து அந்தத் தோட்டத்தில்தான் வேலை. இரண்டு மாதம் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாயுடு வாரம் மூன்று நாள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பன்றி எந்தப் பக்கமாக வந்தது, எந்தப் பக்கம் போனது, ரத்தம் எவ்வளவு சொட்டியது என்று நுணுக்கமாக விசாரித்தார். அதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். துப்பாக்கிக்கு வலுப் பத்தவில்லை. மனிதன் எந்தக் காரியத்திலும் தன்னைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவான். நாயுடு அந்தக் கடைசி வரைக்கும் போகவே இல்லை.

ரைஃபிள் லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. மனுப் போட்டு, தாசில்தார் விசாரணை முடிந்து, கலெக்டர் ஆபீஸ் படி ஏறி இறங்கி நாயுடுவின் செருப்பு தேய்வதற்குள் பன்றியின் காயம் ஆறி அது திரும்பி வந்துவிட்டது. கரும்பு வெட்டுக்கு நின்றது. வெட்டுகிற ஆட்களோ வரப்பிலேயே நின்றார்கள்.

"அந்தக் காதறுந்தது சாகட்டுங்க. அப்புறம் நாங்க அருவா எடுக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை நாயுடு கோபித்துக்கொள்ளவில்லை. அங்கப்பன் மொண்டிக் காலோடு மோட்டார் அறைக்கும் வாய்க்காலுக்கும் நடப்பதை அவர்களும்தானே தினமும் பார்க்கிறார்கள். இந்தத் தடவையும் அரைகுறையாகக் காயப்படுத்தி அனுப்பினால் இன்னொரு வீட்டில் இன்னொரு கால் போகும். அந்த நினைப்பு வந்தால் நாயுடுவுக்குச் சாப்பாடு இறங்காது. பட்ட இடத்திலேயே பன்றியைச் சாய்க்கிற துப்பாக்கி ஒன்று வேண்டும், எவ்வளவு பெரிய குண்டானாலும் சரி என்று கிளம்பினார்.

கோபாலசாமி தன் ஆஸ்டின் காரில் கூட்டிப் போனார். ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஷேக் பரீத்தின் கடை. தையல் கடை அளவுக்குத்தான் இடம். சுவர் நெடுக இரும்புக் கம்பிக்குப் பின்னால் துப்பாக்கிகள், எண்ணெய் வாசனை, நடுவில் ஒரு பட்டறை மேசை. பரீத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கை வேலைக்காரர், வாயும் அதே அளவுக்கு வேலை செய்யும்.

"எதைச் சுடறதுக்குங்க?" என்று கேட்டார்.

"பன்னி" என்றார் நாயுடு, கொஞ்சம் சங்கடத்தோடு.

பரீத் முகம் மாறவில்லை. "எவ்வளவு தூரத்துலீங்க?"

"அது எங்க வருதோ அங்க."

"பாய், மாசர் எடுத்துக் காட்டுங்க" என்று குறுக்கிட்ட கோபாலசாமி அக்கா புருஷன் பக்கம் திரும்பினார். "நான் வச்சிருக்கறது அதுதான். பாவா, ஜெர்மன்காரன் சாமானுங்க. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி போல்ட்டை இழுத்துத் தள்ளுனாப் போதும். ஆயுசுக்கும் கெடாது."

பரீத்துக்கும் அதுதான் விருப்பம். கடையிலேயே உசத்தியான சரக்கு அது. தோட்டாவும் தாராளமாகக் கிடைக்கும். பளபளவென்று துடைத்து மேசை மேல் வைத்தார். நாயுடு எடுத்துப் பார்த்தார். போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினார். நல்ல சாமான்தான். ஆனால் அதற்குள் அவர் கண் மூலையில் இருந்த வேறொன்றின் மேல் போய்விட்டது.

"அதென்ன பாய், அடியில வளையம் தொங்குது?"

"அது லீவருங்க. அமெரிக்காக்காரன் செஞ்சது, வின்செஸ்டர்." பரீத் அரை மனதாக எடுத்து வந்தார். "இந்த வளையத்துக்குள்ள விரலை விட்டுக் கீழ இழுத்தா சுட்ட தோட்டாவோட கூடு மேல எகிறிப்போகும். திருப்பி மேல தூக்குனா அடுத்தது உள்ள போய் உக்காந்துக்கும். அவ்வளவுதானுங்க."

நாயுடு இழுத்துப் பார்த்தார். கிரக் என்று இறங்கி, கிளக் என்று ஏறியது. மறுபடியும் இழுத்தார். புதுக் கிணற்றில் முதல் தண்ணீர் பார்த்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

"இதுலயே சின்னதும் ஒண்ணு இருக்குதுங்க" என்று பரீத் இன்னொன்றை எடுத்தார். "லேசா இருக்கும். தோள்ல உதைக்காது. மானுக்குப் போதும்."

"மானு எனக்கு என்ன பண்ணுச்சு? இந்தப் பெருசோட குண்டைக் காட்டுங்க."

பரீத் இழுப்பறையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து நிமிர்த்தி வைத்தார். நடுவிரல் நீளம், சுண்டுவிரல் மொத்தம். நானூற்றைந்து என்று அதற்குப் பெயர். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர், சீமைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் இந்த ரைஃபிளைப் பரீத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காட்டெருமைக்கு வைத்திருந்ததாம்.

"காட்டெருமைக்கே காணும்னா பன்னிக்குக் காணாதா?" என்றார் நாயுடு.

"காணும்ங்க. உங்களுக்குத்தான் காணாது" என்றார் பரீத். "இதுக்குத் தோட்டா வர்றது நின்னு போச்சு. துரை விட்டுட்டுப் போனது ரெண்டு பெட்டி, நாப்பது ரவுண்டு. அது தீந்தா இது வெறகுக் கட்டைங்க. அதுவுமில்லாம உதை இருக்குது பாருங்க, கழுதை தோத்துப்போகும். மாசரையே எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று பத்துப் பேர் சொன்னால் அந்தச் சாமான்மேல் ஆசை பத்து மடங்காகிற சுபாவம் நாயுடுவுக்கு. கடைசியில் இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று பேச்சாயிற்று. மறுநாள் காலையில் நொய்யல் கரையோரம் கைவிட்ட கல்லுக்குழி ஒன்றுக்கு மூன்று பேரும் காரில் போனார்கள். பரீத் அறுபது எட்டு எண்ணி நடந்து, பாறை மேல் வரிசையாக மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

முதலில் மாசர். நாயுடு வலது தோளில் கட்டையை அணைத்து, இடது கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துச் சுட்டார். மூன்று குண்டு. சட்டிகளெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"அளந்து வச்ச மாதிரி சுத்தியும் சுட்டுப்போட்டீங்க பாவா" என்றார் கோபாலசாமி.

அடுத்து லீவர். பரீத் சொன்னது பொய்யில்லை. முதல் குண்டிலேயே நாயுடு ஓர் அடி பின்னுக்குப் போனார். பின்கட்டையின் முனையில் பிறை மாதிரி வளைந்த இரும்புத் தகடு, அது தோள் எலும்பில் வந்து இடித்தது. இரண்டாவது குண்டு பாறையில் பட்டுக் கல் சிதறியது. மூன்றாவது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"குறி பார்க்கற முள்ளு கோணலா இருக்குதா பாய்?" என்று கேட்டார் நாயுடு.

பரீத் துப்பாக்கியை வாங்கி, நின்றவாக்கில் சுட்டார். நடுச்சட்டி தூளாயிற்று. "முள்ளு நேராத்தானுங்க இருக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நாயுடுவின் முகத்தில் ஈயாடவில்லை. பத்து மாதமாக அவர் துப்பாக்கிமேல் போட்டிருந்த பழி கல்லுக்குழியில் பட்டப்பகலில் கழன்று விழுந்துவிட்டது. வலது தோள் மரத்துப்போய், கையைத் தூக்கினால் சுருக்கென்று வலித்தது. போதும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் பரீத். அவருக்குத் தோட்டா போகிற கவலை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார் நாயுடு.

வலது தோளில் வைக்க வழியில்லை. அதனால் இடது தோளில் வைத்தார். யோசித்துச் செய்த காரியமில்லை. ஒரு கை வலித்தால் பையை மறு கைக்கு மாற்றுகிற மாதிரிதான் மாற்றினார். மாற்றியதும் ஏதோ விசித்திரமாக இருந்தது. கட்டை தோளில் தானாகப் போய் உட்கார்ந்தது. வலது கண்ணை மூட அவர் முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. முள், சட்டி, இரண்டும் ஒரே கோட்டில் அசையாமல் நின்றன. இப்படி நிற்கும் என்று இதுநாள்வரை அவருக்குத் தெரியாது.

சட்டி சிதறியது.

"குருட்டாம்போக்கு" என்றார் கோபாலசாமி.

நாயுடு கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே லீவரை இழுத்து விட்டார். இரண்டாவது சட்டி போயிற்று. மூன்றாவதும் போயிற்று. கோபாலசாமி வாயில் வைத்த வெற்றிலையை மெல்ல மறந்து நின்றார்.

நாயுடு திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஐந்து வயதில் அவருக்கு எதற்கும் இடது கைதான் முந்தும். சோற்றுத் தட்டிலும் அதுவே முந்தியதால், சாப்பாட்டு நேரத்தில் அம்மா அந்தக் கையைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் அதற்கு மருந்து கொடுத்தார். எட்டு வயதுக்குள் கை திருந்திவிட்டது என்று வீடே நிம்மதியாயிற்று. பத்தொன்பது வயதில் ஆயுத பூஜையன்று, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்த துப்பாக்கியை எடுத்து அப்பா நீட்டினார். "சோத்தாங்கையில வாங்கு" என்றார். வலது கையில் வாங்கினார், வலது தோளில் வைத்தார். சாமி கும்பிட்டு வாங்கிய சாமானை இன்னொரு கைக்கு மாற்றலாம் என்று அந்த வீட்டில் யாருக்குத்தான் தோன்றும்? இருபத்தைந்து வருஷம் அவர் குறி தப்பவிட்டதெல்லாம் அந்த ஒரு நல்ல நேரத்தில் ஆரம்பித்ததுதான்.

"மாசரையும் அந்தப் பக்கம் வச்சுப் பாருங்க" என்றார் பரீத், வியாபாரத்தை விடாமல்.

பார்த்தார். முதல் குண்டில் சட்டி உடைந்தது. ஆனால் போல்ட்டின் பிடி வலது பக்கம். அதைப் பிடிக்க நாயுடு துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, திருப்பி, கையை மேலாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மறுபடி தோளில் ஏற்றுவதற்குள் கோபாலசாமி சத்தமாக எண்ணி ஏழுக்கு வந்துவிட்டார்.

"பன்னி இந்நேரம் பொள்ளாச்சி போயிருக்குமுங்க" என்றார்.

பரீத் லீவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையம் நட்ட நடுவில் கீழே தொங்கியது. சுட்ட கூடு நட்ட நடுவில் மேலே எகிறியது. எந்தத் தோளானாலும் அதற்கு ஒன்றுதான். "இதையே எடுத்துக்குங்க நாயுடு" என்றார் கடைசியில். "வேற எது வித்தாலும் நான் உங்களை ஏமாத்துன மாதிரி ஆயிரும். தோட்டா முப்பத்திமூணு மிச்சம். இன்னி மேல சட்டிய சுடாதீங்க."

"பாய்," நாயுடு குரலைத் தாழ்த்தினார், "இந்தக் கை விசயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

"எங்கள்லயும் நல்லதுக்கெல்லாம் சோத்தாங்கைதானுங்க. ஆனா பன்னியச் சுடறது எந்தக் கையிலன்னு எங்க ஊட்டுப் பெரியவங்க யாரும் சொன்னதில்லீங்க" என்றார் பரீத். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டில் அம்புஜம் புதுத் துப்பாக்கிக்குக் குங்குமம் வைத்தாள். பிறகு புருஷனின் தோளைப் பார்த்து மஞ்சள் பற்றுக் குழைக்கப் போனாள். கத்தரிக்காய் நிறத்துக்கு வலது தோள் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, துப்பாக்கிதான் வாங்கப் போனீங்களா? யாரோ போட்டு அடிச்ச மாதிரி இருக்குது." பற்றுப் போட்டுக்கொண்டே வந்தவள் கையை நிறுத்தினாள். "இந்தத் தோளும் செவந்திருக்குதுங்களே?"

"கார்ல சாய்ஞ்சு உக்காந்து வந்தேன், அதா இருக்கும்" என்றார் நாயுடு.

அம்புஜம் மேலே கேட்கவில்லை. தூக்கத்தில் கொசு அடிக்கிறபோது அவருக்கு எந்தக் கை எழும் என்பது பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாவது தோளுக்கும் பற்றுப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் நாயுடு தோட்டத்துக்குக் கிளம்பினார். கார்த்திகைப் பனி. அங்கப்பன் மோட்டார் அறை வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"நானும் வாரனுங்க பண்ணாடி."

"நீ வேண்டாம். ஒரு தடவை பட்டது போதாதா?"

"அது வெள்ளெனப் பள்ளத்துல எறங்கிப் போற வழி எனக்குத்தானுங்க தெரியும். தெனமும் நான்தான பார்த்துட்டு இருக்கறேன்."

அது உண்மைதான். கரும்புக் காட்டின் கடைசியில் கிளுவை வேலி ஓர் இடத்தில் விட்டிருந்தது. இரவெல்லாம் தின்றுவிட்டுப் பன்றி அந்தச் சந்து வழியாகத்தான் பள்ளத்துக்கு இறங்கும், பிறகு மலை ஏறும். பள்ளத்து ஓரத்தில் ஒரு கல் குவியல் இருந்தது. இருவரும் அதன் பின்னால் உட்கார்ந்தார்கள். நாயுடு முன்னால், அங்கப்பன் இரண்டடி பின்னால், நீட்டிய காலோடு. அந்தக் காலை மடக்க முடியாது. எழுந்திருக்கவும் பத்து நிமிஷம் வேண்டும்.

கிழக்கு வெளுத்து, வேலியின் இலை இலையாகத் தெரிகிற நேரத்தில் சந்துக்குள் ஓர் அசைவு. முதலில் மூக்கு வந்தது, பிறகு கிழிந்த காது வந்தது. பெரியது. போன வருஷத்தைவிடக் கொழுத்திருந்தது. பாதி உடம்பு வெளியே வந்ததும் நின்று மோப்பம் பிடித்தது.

நாயுடு ரைஃபிளைத் தூக்கினார். பழக்கம் விடவில்லை, கட்டை வலது தோளுக்குத்தான் முதலில் போயிற்று. வீங்கிய தோள் அதைத் திருப்பி அனுப்பியது. இடது தோளுக்கு மாற்றினார். பின்னால் அங்கப்பன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஓட முடியாத ஒருவன் தன்னை நம்பிப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்பதைத் தவிர வேறு நினைப்பே அவருக்கு அப்போது இல்லை.

சுட்டார். பன்றி முன்னங்கால் மடிந்து மண்ணில் மோவாயை இடித்தது. விழுந்துவிட்டது என்று நினைப்பதற்குள் எழுந்துவிட்டது. எழுந்து இவர்களைப் பார்த்துவிட்டது. அடுத்த கணம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராகக் கல் குவியலை நோக்கி வந்தது. நாயுடு கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. கிரக், கிளக். சுட்ட கூடு நெற்றியருகில் எகிறிப் பறந்தது. பன்றியின் நெற்றிப் பொட்டில் குறி நின்றதும் இரண்டாவது தடவை சுட்டார்.

பத்தடி தள்ளிப் பன்றி விழுந்தது. கால்கள் கொஞ்ச நேரம் உதைத்துவிட்டு அடங்கின.

நாயுடு ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கினார். கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் லேசாகி, காரணமில்லாமல் சிரிக்க வேண்டும் போல இருந்தது. நாளைக்கு ஆட்கள் கரும்பில் இறங்குவார்கள். யாரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு பயந்து நிற்க வேண்டியதில்லை.

"முடிஞ்சுதுங்க" என்றான் அங்கப்பன், அறுவடை முடிந்ததைச் சொல்கிற மாதிரி. நாயுடு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு ஆச்சரியமா இல்லியா? நான் இந்தத் தோள்ல வச்சுச் சுட்டனே."

"இல்லீங்க. அதுதானுங்களே உங்க கை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல புளியங்கா அடிப்பமில்லீங்க? நொட்டாங்கையில கல்லெடுத்தீங்கன்னா ஒண்ணு தப்பாது. உங்கய்யா, பெரிய பண்ணாடி, வர்றாருன்னு தெரிஞ்சா சோத்தாங்கைக்கு மாத்திக்குவீங்க. அப்புறம் ஒண்ணும் விழுகாது. நான்தானுங்க கீழ நின்னு பொறுக்குவேன்."

நாயுடுவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"இருவத்தஞ்சு வருசமா பக்கத்துலயே நின்னுட்டிருந்திருக்கறே. கை மாத்தி வச்சுச் சுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிங்க சொல்றது? நீங்க நொட்டாங்கைக்காரருங்கன்னு பண்ணாடி மூஞ்சியப் பார்த்துச் சொன்னா நல்லாருக்குமுங்களா? அதும் சாமிக்கு வச்சு எடுத்த துப்பாக்கி. மருவாதி இல்லீங்களே."

நாயுடு நீட்டிக் கிடந்த அந்தக் காலைப் பார்த்தார். மரியாதைக்காக ஒருவன் ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கிறான். அந்த மரியாதையால் பாழானது அவனுடைய காலேதான். அம்மா கட்டிய துண்டும், வாத்தியாரின் பிரம்பும், அப்பா நீட்டிய துப்பாக்கியும், எல்லாம் நல்ல எண்ணத்தில் நடந்தவைதான். யாரைக் குறை சொல்வது என்று நாயுடுவுக்குத் தெரியவில்லை.

"அங்கப்பா, இன்னி மேல எங்கிட்ட எதுவா இருந்தாலும் சொல்லிப்போடு."

"எதுவா இருந்தாலுமுங்களா?"

"எதுவா இருந்தாலும்."

அங்கப்பன் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கல்லைப் பிடித்து மெல்ல எழுந்தான். எழுந்து நின்றதும் ஆரம்பித்தான்.

"கெழக்கால கெணத்துக்கு எடுத்த மோட்டாரு சின்னதுங்க. எறக்குன அன்னிக்கே தெரியும், எட்டு ஏக்கரு பாயாதுன்னு."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் நாயுடு, சிரித்துக்கொண்டு.

"அப்ப இந்தப் பேச்சு இல்லீங்களே. அப்புறம் உங்க சிங்காநல்லூர் மச்சானுக்கு ஒரு காளை கொடுத்தீங்களே, சண்டிக்காளைன்னு. அது நல்ல காளைங்க. ஓட்டறவன்தான் சண்டி."

நாயுடு வாய்விட்டுச் சிரித்தார். பனி விலகி வெயில் கரும்பின் நுனியைத் தொட்டது. ரைஃபிளை இடது தோளில் சாத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். பன்றியைத் தூக்க ஆட்களை அனுப்ப வேண்டும். அங்கப்பன் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்றான்.

"சொல்லு."

"ஆஸ்பத்திரிக்கு வாரத்துல மூணு நாள் வந்தீங்க. எந்தப் பண்ணாடியும் அப்படி வரமாட்டாங்க, அதையும் சொல்லோணும். ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்க. பன்னி எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டீங்க. ரத்தம் எவ்வளவு சொட்டுச்சுன்னு கேட்டீங்க, பன்னிக்கு." அங்கப்பன் கோபமாகச் சொல்லவில்லை, மோட்டாரைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னான். "காலு எப்படி இருக்குதுன்னு இது வரைக்கும் கேக்கலீங்க."

நாயுடு நின்றுவிட்டார். அப்படி இருக்காது என்று சொல்ல வாயெடுத்தார். பத்து மாதத்தையும் மனதில் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. துப்பாக்கியைப் பற்றி ஊரெல்லாம் கேட்டிருக்கிறார், கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறார். இதைக் கேட்கவில்லை. இந்த ஒரு தப்புக்கு முன்னால் சட்டியில் படாத குண்டெல்லாம் ஒன்றுமேயில்லை என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"காலு எப்படி இருக்குது அங்கப்பா?"

"பள்ளத்துல ஒண்ணும் தெரியறதில்லீங்க. மேடு ஏறறப்பத்தான் வலிக்குது."

பள்ளத்திலிருந்து வீடு வரைக்கும் மேடுதான். நாயுடு இடது தோளில் இருந்த ரைஃபிளை எடுத்து, வீங்கிய வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். காலியான இடது தோளை அங்கப்பன் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார். அங்கப்பன் அந்தத் தோளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அதன் மேல் கையை வைத்து, பாரத்தையும் வைத்தான்.

மேடு ஏறி முடிவதற்குள் மாட்டுக் கொட்டகையைப் பற்றியும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டான்.